இரட்டைக்குழலில் தோட்டா ஏன் ஒட்டுகிறது?

முதலில் மூன்று கேள்வி, தம்பி. தோட்டா ஒட்டுவது வலது குழலிலா, இடது குழலிலா, இரண்டிலுமா? முதல் வெடியிலேயே ஒட்டுகிறதா, நாலைந்து வெடி போட்டுக் குழல் சூடேறிய பிறகா? சுடாத தோட்டாவைப் போட்டு எடுத்தால் லகுவாக வருகிறதா? எந்தப் பழுதுபார்ப்பவரிடம் போனாலும் அவர் இதைத்தான் கேட்பார். தே வரட்டும். கிள்ளானுக்குப் போகும் ரயில் இரவு வரை இருக்கிறது. இதற்காகவே பிரிக்ஃபீல்ட்ஸ் வரை வந்திருக்கிறீர்கள், நிதானமாகவே பேசுவோம். துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தீர்களே, அது ரொம்பச் சரி.

இந்தத் துப்பாக்கி நம் பக்கத்துக்குப் புதிதில்லை. 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தென்னமரம் தோட்டத்தில் வணிக முறையில் செம்பனை நட்டார்கள். நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் அது. பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்ட இடங்களிலெல்லாம் காட்டுப்பன்றித் தொல்லை கூடவே வந்தது. உதிர்ந்த பழத்தைத் தின்றுவிட்டுப் போனால் பரவாயில்லை. இளங்கன்றைக் கிளறிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகிறதே, அங்கேதான் சிறுதோட்டக்காரருக்கு வயிறு எரியும். அதனால்தான் துரைமார் பங்களாவில் இருந்த இரட்டைக்குழல், பின்னாளில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் கைக்கும் உரிமத்தோடு வந்தது. 1948இல் தொடங்கிய அவசரகாலம் முடிந்த 1960லேயே ஆயுதச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் உங்கள் உரிமமும் இருக்கிறது. பன்றியைச் சுடுவதற்கு 2010ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டமும், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் விதிகளும் தனியாக உண்டு. அவற்றைப் பற்றி இப்போது பேசப் போவதில்லை. தோட்டாவுக்கு வருவோம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பழுது எங்கே என்று துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே காலித் தோட்டா சொல்லிவிடும். ஒட்டியதை எப்படியோ நெம்பி எடுத்துப் புதருக்குள் வீசிவிட்டு, பிறகு துப்பாக்கியைக் குடைவதுதான் பலர் செய்கிற வேலை. அந்தக் காலித் தோட்டாவை வீசக்கூடாது. இடது, வலது என்று மார்க்கர் பேனாவால் எழுதி வைக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றது தானே புரியும். 12 நம்பர் துப்பாக்கியின் குழல் உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர். தோட்டா உட்காரும் அறை அதைவிட அகலம். பின்வாயில் ஏறத்தாழ 20.6, முன்பக்கம் 20.3 மில்லிமீட்டர். அறை கொஞ்சம் கூம்பினாற்போல இருப்பதால், சுட்ட தோட்டா ஒரு மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்துவிட்டாலே பிடி விட்டுவிடும், மீதித் தூரம் தடையில்லாமல் வரும். ஒட்டுவதெல்லாம் அந்த முதல் ஒரு மில்லிமீட்டரில்தான்.

விசையை இழுத்ததும் அறைக்குள் எழும் அழுத்தம், சாதாரண 12 நம்பர் தோட்டாவுக்கு, 740 பார் வரை போக அனுமதி உண்டு. காரின் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். அந்த அழுத்தத்தில் தோட்டாவின் உடம்பு விரிந்து அறைச் சுவரோடு அப்பிக்கொள்கிறது. அப்படி அப்பினால்தான் புகையும் நெருப்பும் உங்கள் முகத்துப் பக்கம் வராது. அழுத்தம் இறங்கியதும் தோட்டா மறுபடி கொஞ்சம் சுருங்க வேண்டும். சுருங்கினால் வெளியே வரும். சுருங்காவிட்டால், அல்லது சுருங்கினாலும் சுவரில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால், ஒட்டும். ஆகவே காரணம் தோட்டாவில் இருக்கும், சுவரில் இருக்கும், அல்லது வெளியே இழுக்கிற கொக்கியில் இருக்கும்.

கொக்கியை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுருக்கம். துப்பாக்கியை மடக்கித் திறக்கும்போது தோட்டாவின் அடி விளிம்பைப் பிடித்துச் சில மில்லிமீட்டர் தூக்கிக் கொடுப்பது எக்ஸ்ட்ராக்டர். சுட்ட தோட்டாவை மட்டும் ஸ்பிரிங் விசையால் வெளியே எறிவது எஜெக்டர். உங்களுடையது எக்ஸ்ட்ராக்டர் வகை என்றால், இரண்டு குழலுக்கும் பெரும்பாலும் ஒரே துண்டுதான். இரண்டு தோட்டாவும் ஒன்றாக எழும்ப வேண்டும். ஒன்று எழும்பி மற்றது எழும்பாமல் கொக்கி அதன் விளிம்பை நழுவவிட்டால், அந்தப் பக்கத்து உதடு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தோட்டாவின் விளிம்பிலும் ஒரு ஓரம் வளைந்திருக்கும். எஜெக்டர் வகை என்றால், பயிற்சிக்கான போலித் தோட்டா இரண்டு போட்டு, விசையை இழுத்துவிட்டுத் திறங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் பறக்க வேண்டும். ஒன்று சோம்பிப்போய் விழுந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பழைய எண்ணெய் கெட்டியாகிப் பாதையை அடைத்திருக்கும். போலித் தோட்டா நன்றாகப் பறந்து, சுட்ட தோட்டா மட்டும் ஒட்டினால் கொக்கியின் மேல் பழி இல்லை.

இப்போது சுவர். நம் வட்டாரத்தில் எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் இங்கேதான் வரும். கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்று எப்போதும் ஈரம். கிள்ளான் துறைமுகம், கேரி தீவுப் பக்கம் போனால் அந்த ஈரத்தில் உப்பும் சேர்கிறது. மழையில் நனைந்த துப்பாக்கியைத் துடைத்துவிட்டு, உள்ளே ஸ்பாஞ்ச் வைத்த உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுகிறோம். ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடித்துக்கொண்டு அப்படியே இருக்கும். குழலின் வெளிப்புறம் பளபளப்பாகத் தெரியும். அறைக்குள்ளே துரு மெல்லக் குழி பறித்துக்கொண்டிருக்கும். ரஷ்யாவின் பைக்கால் துப்பாக்கிகளில் குழலுக்குள் குரோம் பூசியிருப்பார்கள், அவை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் அந்தப் பூச்சு கிடையாது. ஊசிமுனை அளவு குழி போதும். வெடிக்கும் நேரத்தில் தோட்டாவின் உலோகம் அந்தக் குழிக்குள் அமுங்கி அங்கேயே பூட்டிக்கொள்ளும்.

இதைக் காலித் தோட்டா காட்டிக்கொடுக்கும். உலோக அடிப்பாகத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நீளவாக்கில் கீறல், அல்லது ஒவ்வொரு தோட்டாவிலும் ஒரே இடத்தில் சொரசொரப்பான புள்ளி இருந்தால் அறைச் சுவரில் குழியோ பிசிரோ இருக்கிறது. கீறல் இல்லாமல், பிளாஸ்டிக் உடம்பில் கறுப்புக் கோடும் பிசுபிசுப்பும் மட்டும் இருந்தால் அழுக்கு. முதல் வெடியில் ஒழுங்காக வந்து, போகப்போக இறுகினால் அதுவும் பெரும்பாலும் அழுக்கும் சூடும் சேர்ந்த வேலைதான். சுபாங் சுடுதளத்தில் ஒரு சுற்றுக்கு 25 மண்தட்டுச் சுடுபவர்களுக்கு இது அடிக்கடி வரும். தோட்டத்தில் ஒன்றோ இரண்டோ வெடி போடும் உங்களுக்கு வந்தால், சூட்டை விட்டுவிட்டுத் துருவை நினையுங்கள்.

வலது குழல் மட்டும் ஒட்டுகிறது என்று சொன்னால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். இரண்டு விசை உள்ள துப்பாக்கியில் முன்விசை வழக்கமாக வலது குழலைத்தான் சுடும். ஒரே வெடியில் காரியம் முடிந்தால் இடது குழல் சும்மாவே இருக்கும். வருடக்கணக்கில் வலது அறைதான் புகை தின்கிறது, அழுக்குச் சேர்க்கிறது, துரு பிடிக்கிறது.

சுத்தம் செய்வது எப்படி? துப்பாக்கி காலி என்பதைத் திறந்து, இரண்டு அறையையும் கண்ணால் பார்த்து, விரல் விட்டுத் தொட்டு உறுதி செய்யுங்கள். வேலை நடக்கும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது. முன்கட்டையைக் கழற்றி, குழல்களைத் தனியே எடுத்து, அறைக்குள் துப்பாக்கிக் கரைப்பானைத் தடவிக் கால்மணி நேரம் ஊற விடுங்கள். குழலுக்கான 12 நம்பர் பிரஷ் அகலமான அறைச் சுவரில் அழுத்தமாகப் படாது, அதனால்தான் பலர் தேய்த்துத் தேய்த்தும் அழுக்கு போவதில்லை. அறைக்கென்றே விற்கும் வெண்கலக் கம்பி பிரஷ் வாங்குங்கள், அல்லது அதைவிடப் பருமனான 10 நம்பர் பிரஷ். முன்னும் பின்னும் இழுக்காமல் சுழற்றித் தேயுங்கள். வெள்ளைத் துணியில் துடைத்து, துணி வெள்ளையாகவே வரும்வரை திரும்பச் செய்யுங்கள். உருகி ஒட்டிய பிளாஸ்டிக் சாம்பல் நிறச் செதிலாக வரும்.

உப்புத்தாளோ எமரியோ உள்ளே போகக்கூடாது. விரலில் சுற்றித் தேய்த்தால் பளபளப்பு வரும், ஆனால் ஒரு பக்கம் அதிகமாக, ஒரு பக்கம் குறைவாக அறை அகன்றுவிடும். அகன்ற அறையில் தோட்டா இன்னும் அதிகமாக விரியும், இன்னும் அதிகமாக ஒட்டும். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது.

சுத்தம் செய்தபின் மெல்லிய எண்ணெய் பூசி வையுங்கள், ஆனால் சுடப்போகும் முன் அறையை உலரத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் போட்டால் வழுக்கிக்கொண்டு வரும் என்று சிலர் ஈரமாகவே சுடுகிறார்கள். அது தவறு. சுவரைப் பிடிக்க முடியாத தோட்டா, வெடியின் முழு உதையையும் பின்பக்கத் தகட்டில் இறக்கும். பழைய துப்பாக்கியின் பூட்டு அதைத் தாங்கிக்கொண்டே இருக்காது.

அடுத்து தோட்டா. ஒரு சின்னக் காந்தம் எடுத்து அடிப்பாகத்தில் வையுங்கள். மஞ்சளாக இருப்பதெல்லாம் பித்தளை என்று நினைக்கிறோம். காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய எஃகு. விலை குறைந்த தோட்டாக்கள் பலவும் இப்படித்தான். எஃகு கெட்டதில்லை, நல்ல அறையில் ஒழுங்காகவே வேலை செய்யும். ஆனால் விரிந்த பித்தளை சுருங்கித் திரும்பும் அளவுக்கு இந்த மென்மையான எஃகு திரும்பாது. பித்தளையைப் பொறுத்துக்கொள்ளும் தேய்ந்த அறை எஃகைப் பிடித்துக்கொள்ளும். அதனால் சோதனை எளிது. வேறு கம்பெனித் தோட்டா, உண்மையான பித்தளை அடிப்பாகம் உள்ளது, கொஞ்சம் வாங்கி அதே குழலில் சுட்டுப் பாருங்கள். அதுவும் ஒட்டினால் சுவர். அது வந்துவிட்டால் தோட்டா. இந்த ஒரு சோதனை பட்டறைச் செலவை மிச்சப்படுத்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் பழைய காகிதத் தோட்டா இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் உடம்பு 1960இல் ரெமிங்டன் கம்பெனி கொண்டுவந்த பிறகுதான் பரவியது. அதற்கு முன் மெழுகு ஏற்றிய காகிதம்தான். நம் ஈரத்தில் காகிதம் உப்பிவிடும். சுடுவதற்கு முன்பே அறைக்குள் இறுக்கமாகப் போகும் தோட்டாவை அழுத்தித் திணிக்கக்கூடாது. அதைச் சுடாமல், வாங்கிய ஆயுதக் கடையிலோ போலீஸ் நிலையத்திலோ கேட்டு ஒப்படையுங்கள்.

நீளம்தான் பலர் கவனிக்காத விஷயம், இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். தோட்டாப் பெட்டியில் 70 மி.மீ. என்று போட்டிருக்கிறதே, அது சுட்டபின் வாய் விரிந்த தோட்டாவின் நீளம். சுடாதபோது வாய் மடிந்து 60 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கி பலவற்றின் அறை 65 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம். 70 மி.மீ. தோட்டா அதற்குள் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் உட்காரும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். வெடிக்கும்போது மடிந்த வாய் விரிய இடமில்லாமல், குழல் குறுகும் இடத்தில் போய் நெருக்கும். ரவையும் அடைப்பும் அந்த இடுக்கு வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். அழுத்தம் ஏறும், தோட்டா அளவுக்கு மீறி விரியும், ஒட்டும். ஒட்டுவது இங்கே சின்னத் தொல்லை. குழலும் பூட்டும் தாங்க வேண்டிய அளவைத் தாண்டிப் போகிறது, அதுதான் பயம்.

காலித் தோட்டாவின் வாயைப் பாருங்கள். ஓரம் பிய்ந்து, நார்நாராக, உள்பக்கம் சுருண்டாற்போல இருந்தால் இதுதான் காரணம். பிறகு குழலைக் கழற்றி, பின்வாய்க்குக் கீழே தட்டையான பகுதியில் பொறித்திருப்பதைப் படியுங்கள். 12 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 65, 70, 76 என்றோ, அங்குலத்தில் 2½, 2¾, 3 என்றோ இருக்கும். அந்த எண்ணைவிட நீளமான தோட்டா அந்தத் துப்பாக்கிக்குள் போகவே கூடாது. தாத்தா காலத்திலிருந்து இதைத்தான் போடுகிறோம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பொறித்தது அழிந்து போயிருந்தால், அளந்து சொல்லும்வரை சுடாதீர்கள்.

சரி, இப்போது ஒட்டிக்கொண்டிருக்கும் தோட்டாவை எப்படி எடுப்பது? அது உண்மையிலேயே சுட்ட தோட்டாதானா என்பதில் தொடங்குங்கள். விசையை இழுத்தும் வெடிக்காமல் இருந்தால், குழலை ஆளில்லாத திசையில் தரையைப் பார்த்துப் பிடித்தபடி குறைந்தது ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டா உண்டு. தோட்டா அடியின் நடுவில் இருக்கும் தீமூட்டிக் கேப்பில் குத்திய தழும்பு இருப்பதால் மட்டும் வெடித்துவிட்டதாக அர்த்தம் இல்லை. சத்தமும் உதையும் வந்ததா, அதுதான் சாட்சி. வெடித்தது என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும் கம்பி எதுவும் உள்ளே விடாமல், குழலைத் திறந்த நிலையிலேயே வைத்துப் போலீஸிடமோ ஆயுதக் கடையிலோ விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

வெடித்தது உறுதி என்றால், குழல்களைக் கழற்றிக்கொண்டு, குழல் வாய் வழியாக வழவழப்பான மரக்கம்பியை இறக்குங்கள். காலித் தோட்டா என்றால் கம்பி அடிமட்டம் வரை போய் நிற்கும். பாதியிலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடிவரை போனால் உள்ளங்கையால் லேசாகத் தட்டினாலே வந்துவிடும். வராவிட்டால் பின்வாயில் கொஞ்சம் கரைப்பான் விட்டுக் காத்திருந்து மறுபடி தட்டுங்கள். ஸ்குரு டிரைவரால் விளிம்பை நெம்பாதீர்கள். விளிம்பு பிய்ந்தால் கொக்கிக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. அறையின் ஓரத்தில் விழும் கீறல் அடுத்த தோட்டாவையும் பிடிக்கும்.

வெளியே வந்ததும் குழலை வெளிச்சத்தில் காட்டி, பின்வாய் வழியாகப் பார்த்து, முழுவட்டமாக வானம் தெரிகிறதா என்று உறுதி செய்யுங்கள். உங்கள் அண்ணன் வீட்டில் 20 நம்பர் துப்பாக்கியும் இருக்கிறது என்று சொன்னீர்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். 20 நம்பர் தோட்டாவின் அடி விளிம்பு 19.4 மில்லிமீட்டர். 12 நம்பர் அறை 20.3, குழல் 18.5. கணக்குப் பாருங்கள். அறைக்குள் வழுக்கிப் போய், குழல் தொடங்கும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். பின்வாயில் பார்த்தால் அறை காலியாகத் தெரியும். அதற்குப் பின்னால் 12 நம்பர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்து, தாங்கியிருக்கும் இடது கை போய்விடும். இந்த விபத்துக்காகத்தான் 20 நம்பர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். சட்டைப்பையில் சிவப்பும் மஞ்சளும் கலக்கவே கூடாது. ஒரே பெட்டியிலும் வேண்டாம்.

சுத்தம் செய்து, தோட்டா மாற்றி, நீளம் சரிபார்த்த பிறகும் ஒட்டினால், அது உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை. ஊரில் லேத் மிஷின் வைத்திருக்கும் நண்பர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் கையில் கொடுக்காதீர்கள். உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது. உரிமமில்லாத கையில் துப்பாக்கி இருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 14 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 6 பிரம்படியும் வரலாம். உதவி செய்ய வந்த மனிதரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம்.

பட்டறைக்குப் போகும்போது உரிமப் புத்தகம், உறையில் போட்ட காலித் துப்பாக்கி, இடது வலது என்று எழுதிய காலித் தோட்டாக்கள், அவை வந்த பெட்டியின் அட்டை, எல்லாவற்றையும் கொண்டு போங்கள். வெறுமனே ஒட்டுகிறது என்று சொல்லாமல், வலது அறை, முதல் வெடியிலேயே, பித்தளைத் தோட்டாவிலும் ஒட்டுகிறது என்று சொல்லுங்கள். அவர் அறையை அளந்து பார்ப்பார். லேசான சொரசொரப்பு என்றால் மெருகேற்றினால் போதும். குழி ஆழம் என்று சொன்னால், மெருகேற்றுவதில் எவ்வளவு உலோகம் போகும், அதன் பிறகு சுவரின் கனம் போதுமா என்று கேளுங்கள். 65 மி.மீ. அறையை 70 ஆக நீட்டித் தருகிறேன் என்று அவரே சொன்னால், நீட்டிய பிறகு அந்தக் குழல் புதிய அழுத்தத்துக்குச் சோதிக்கப்படுமா என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள். சோதனை கிடையாது என்றால் அறையை அப்படியே விட்டுவிட்டு, 65 மி.மீ. தோட்டாவை வரவழைத்துத் தரச் சொல்லுங்கள்.